ஒன்றரை மாத்திரைத் தாமதம்

மேசைமேல் ஒரு மணியையும் மனத்துக்குள் ஒரு கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் பழைய மாணவர் மன்றத் தலைவர், தலைமையாசிரியை கோதைநாயகி அம்மையார் அவர்களே! வெயிலுக்கும் வியர்வைக்கும் விடுமுறை கொடுக்காமல், விசில் ஒன்றையே வாழ்நாள் ஆயுதமாக ஏந்தி நிற்கும் எங்கள் உடற்கல்வி ஆசான் பீர் முகமது அவர்களே! பந்தலின் நிழலைப் பங்குபோட்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பேச்சு நீளும் என்று தெரிந்து முறுக்குப் பொட்டலத்தோடு முன்வரிசையைப் பிடித்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுள் மூன்றாவது நாற்காலியில், என்ன சொல்லித் தொலைக்கப் போகிறானோ என்ற கவலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் தாயார் கமலவல்லி அம்மாளே! நாளைக் காலை உடற்கல்விச் செய்முறைத் தேர்வுக்கு நிற்கப் போகிறவர்களே, அதனால் வெள்ளைச் சட்டையோடு முகத்தையும் சேர்த்து வெளுத்து வைத்திருக்கும் பயிற்சி ஆசிரியச் செல்வங்களே! ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் ஆண்டின் இந்த மாலையில் உங்கள் அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

"அடுத்து, எண் பதினேழு உரையாற்றுவார்" என்று தலைவர் அறிவித்தவுடன் நீங்கள் கொல்லென்று சிரித்தீர்கள். சிரிக்க வேண்டியதுதான். அழைப்பிதழில் 'ஆசிரியர் கண்ணபிரான்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. தலைவருக்கு என் பெயர் தெரியாதா? தெரியும். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தெரியும். இந்த அழைப்பிதழை அச்சகத்தில் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்ததே அவர்தான். பிறகு ஏன் சொல்லவில்லை? பார்வை மங்கலா? இல்லை. பழைய பகையா? அதுவும் இல்லை, அல்லது கொஞ்சம்தான். தலைவர் அவர்கள் என் மனைவி!

பின்வரிசையில் யாரோ "ஓகோ" என்கிறார்கள். அந்த ஓகோ இங்கே வரைக்கும் கேட்கிறது, அப்பா.

ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோயில் மணியோசை அடுப்படி வரைக்கும் கேட்கிற தெருவில் பிறந்து வளர்ந்தவர் அவர். அந்தத் தெருவில் மனைவி கணவன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவனுக்கு ஆயுள் குறையுமாம். சரி, வேறு பெயர்க்காரனாக இருந்தால் சமாளித்துவிடலாம். எனக்குக் கண்ணபிரான் என்று பெயர் வைத்துவிட்டார்களே! கல்யாணத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று? கோயிலில் அவர் வாய்திறந்து சாமி பெயரைச் சொல்ல முடியாமல் போயிற்று. எல்லோரும் 'கண்ணா, கண்ணா' என்று உருகும்போது இவர் மட்டும் "அந்த வெண்ணெய் தின்ன பிள்ளையே, காப்பாத்து" என்று வேண்டிக்கொள்வார். ஆண்டவனுக்கே அடைமொழி வைத்தவர், அடியேனைப் பெயர் சொல்லி அழைப்பாரா?

பெயரை விடுங்கள். நான் சொல்ல வந்தது பெயரைப் பற்றி அல்ல. ஒன்றரை மாத்திரையைப் பற்றி.

மாத்திரை என்றதும் மருந்துக்கடைப் பக்கம் திரும்பாதீர்கள். இலக்கணத்து மாத்திரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒரு மாத்திரை. 'ங்' என்றால் அரை. 'க' என்றால் ஒன்று. 'ங்க' என்றால்? ஒன்றரை! நாங்கள் இருவரும் இந்த மைதானத்தில் அந்த ஒன்றரை மாத்திரையில் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டை நாளைக்குத் தேர்வு எழுத, மன்னிக்கவும், தேர்வு ஓடப் போகிற நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

எண்பத்தைந்தில் இந்தப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தோம். சேர்ந்தோம் என்று பன்மையில் பெருமையாகச் சொல்கிறேன். உண்மை என்ன? தலைவர் அவர்கள் முதல் பட்டியலில் மூன்றாம் எண். நான் இராஜபாளையத்தில் ஒரு மருத்துவத் துணிக் கிடங்கில் காயத்துக்குக் கட்டுகிற துணியைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தவன். காத்திருப்போர் பட்டியலில் காத்திருந்து காத்திருந்து, யாரோ ஒரு புண்ணியவான் சேராமல் போனதால், அவர் விட்டுச்சென்ற பதினேழாம் எண்ணில் ஏறிக்கொண்டேன்; சாயங்காலக் கிடங்கு வேலையை மட்டும் விடவில்லை. கல்யாணமாகி ஓராண்டு. மனைவி முன்னால் நடக்க, மாப்பிள்ளை பின்னால் நடக்க, ஒரே பேருந்து, ஒரே வகுப்பு.

அப்போது என் தாயார் ஒரு சட்டம் போட்டார்கள். "ரெண்டு பேரும் போங்க, படிங்க, வேண்டாங்கல. ரெண்டு பேரும் தேறினா ரெண்டு பேரும் வேலைக்குப் போங்க. ஒருத்தர் தவறிட்டா, அவ வீட்டோட இருக்கட்டும்."

தாய்மார்களே, கவனித்தீர்களா? தவறுவது யாராக இருந்தாலும், வீட்டோடு இருப்பது 'அவள்'!

அம்மா ஏதோ சொல்கிறார்கள்... "அப்படித்தான் சொன்னேன், இப்ப அதுக்கு என்னலே"வாம். ஒன்றும் இல்லை அம்மா, இருங்கள். உங்கள் பங்கும் பின்னால் வருகிறது.

தலைவர் அவர்களுக்குப் பாடத்தில் பயமில்லை. உளவியலில் முதல், கணக்கில் முதல், கரும்பலகை எழுத்தில் முதல். பயம் ஒரே ஒரு இடத்தில். அதுதான் பீர் முகமது சார் காத்துக்கொண்டிருந்த இந்த மைதானம். உடற்கல்விச் செய்முறையில் தவறினால் சான்றிதழ் ஓராண்டு தள்ளும். சான்றிதழ் தள்ளினால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு தள்ளும். பதிவு தள்ளினால் நமக்கு முன்னால் எத்தனை ஆயிரம் பேர் வந்து நிற்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலே என் தாயாரின் சட்டம்! படித்த படிப்பெல்லாம் அடுப்படிப் பரணில் ஏறிவிடும். அந்தத் தேர்வில் அவர் வைத்த பணயம் அதுதான்.

முதல் நாள் பீர் முகமது சார் எங்களை வெயிலில் நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னார்: "கட்டளைக்கு ரெண்டு துண்டு உண்டு. முதத் துண்டு முன்சொல். 'வலப்பக்கம்...' அத இழுக்கணும். இழுக்கும்போது எதிரே நிக்கிறவன் உடம்பு தயாராகணும். ரெண்டாவது துண்டு செயற்சொல். 'திரும்பு!' அத வெட்டணும். அருவாள வச்சு வெட்டுத மாதிரி வெட்டணும். வெட்டுன எடத்துல அத்தன பேரும் திரும்பியிருக்கணும்."

ஒவ்வொருவராக வெளியே வந்து கட்டளையிட்டோம். மூன்றாம் எண் வந்தார். "வலப்பக்கம்..." என்று இழுத்தார். பாருங்கள், கோயிலில் பாசுரம் கேட்டு வளர்ந்த குரல், அந்த இழுப்பில் மைதானமே சொக்கி நின்றது. அப்புறம் அணியைப் பார்த்தார். அணியில் நான் நின்றேன். அடுத்த சொல் வெளியே வந்தது.

"திரும்பு...ங்க."

என்ன நடந்தது? பாதிப் பேர் 'திரும்பு'வில் திரும்பினார்கள். மீதிப் பேர் 'ங்க'வில் திரும்பினார்கள். நடுவில் நின்றவர்கள் இடித்துக்கொண்டார்கள். நான் இல்லாத அணிக்கு இதே அம்மையார் கட்டளையிட்டால் வெட்டு வெட்டென்று வெட்டுகிறார். வகுப்புத் தோழன் வேலுசாமியைப் பார்த்துத் 'திரும்பு' என்கிறார், சுந்தரபாண்டியனைப் பார்த்துத் 'தாண்டு' என்கிறார், வயதில் மூத்தவர்களைக்கூடக் 'குனி' என்கிறார். நான் ஒருவன் நின்றால் போதும், பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து மரியாதை வந்துவிடும்!

நம்ப முடியவில்லையா? இப்போதே சோதித்துப் பார்ப்போம். பயிற்சி ஆசிரியர்களே, கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். கைகளை... தட்டு! ஆகா! ஒரே வெடி. இன்னொரு முறை. கைகளை... தட்டுங்க! கேட்டீர்களா? புளியமரத்தை உலுக்கியதுபோல் பொலபொலவென்று விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? ஒன்றரை மாத்திரை.

பீர் முகமது சார் கெஞ்சிப் பார்த்தார். "ஏம்மா, மரியாதைய எம்புட்டு வேணும்னாலும் குடு. கட்டள முடிஞ்ச பொறவு குடு. தேர் வடத்தப் பிடிச்சிட்டு ஆளுக்கொரு நேரத்துல 'இழுங்க, இழுங்க'ன்னா ஒங்க ஆண்டாள் தேரு நகருமா? இராஜபாளையத்து நாயப் பார்த்து யாராச்சும் 'உக்காருங்க'ன்னு சொல்லுவாங்களா?"

தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டே என் பக்கம் கைகாட்டிச் சொன்னார்: "அவிய நாயில்லியே சார்."

சார் விசிலை ஊதிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டார். சார், அன்றைக்கு நீங்கள் சிரித்தீர்களா, ஊதினீர்களா? இன்றைக்காவது சொல்லுங்கள்... "ரெண்டும்தான்" என்கிறார்.

பெயர்ச் சிக்கலுக்கு மட்டும் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். "பேரு வேண்டாம். எண்ணச் சொல்லிக் கூப்பிடும்மா. எண்ணுக்கு ஆயுசு கொறையாது" என்றார். அன்று முதல் நான் எண் பதினேழு ஆனேன். வீட்டிலும் அதுவே நின்றுவிட்டது. "பதினேழு, சாப்பிட வாரீகளா?" என்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களுக்கு ஏதோ சீட்டு விழுந்திருக்கிறது என்று நினைத்தார்கள்.

'ங்க'வுக்கு மட்டும் வழி பிறக்கவில்லை. வீட்டில் பழகச் சொன்னார் சார். தினமும் காலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் நான் நிற்பேன். அவர் எதிரே நின்று, "வலப்பக்கம்... திரும்பு..." என்பார். கண் கலங்கும், "...ங்க" என்று முடியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய உபகாரம் செய்கிறவனைப்போல், "நீ 'ங்க'ன்னே சொல்லு கோதை. நான் 'ங்க' வர்ற வரைக்கும் காத்திருந்து திரும்புறேன். அப்ப சரியாயிரும்" என்றேன். காத்திருந்தேன். ஒரு மாதம், இரண்டு மாதம், தினமும் 'ங்க'வுக்குக் காத்திருந்து காத்திருந்து திரும்பிப் பழகினேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. கிடங்கில் என்னை 'ஏலே' என்பார்கள், பேருந்தில் 'யோவ்' என்பார்கள். காலை வேளையில் கிணற்றடியில் ஒரு குரல் கண்கலங்க 'ங்க' என்றால் எந்த ஆண்மகனுக்குக் கசக்கும்? ஆண்கள் பக்கம் அமைதியாக இருக்கிறதே, ஏன்? கசக்கவில்லை, அதனால்தானே?

தேர்வு எண்பத்தேழு ஏப்ரலில் வந்தது. எண் ஒன்று முதல் பதின்மூன்று வரை முதல் அணி. பதினான்கு முதல் இரண்டாம் அணி. அணியில் ஒருவர் வெளியே வந்து கட்டளையிட, மற்றப் பன்னிரண்டு பேர் செய்ய வேண்டும். அவர் மூன்று, நான் பதினேழு. அவர் முதல் அணி, நான் இரண்டாம் அணி. எங்கள் தலை தப்பியது என்று ஆண்டாளுக்கு ஒரு பூமாலை நேர்ந்துகொண்டோம்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் நல்லது. குறுக்கே வந்தது வேலுசாமி. எண் ஒன்பது. தேர்வு தொடங்கக் கால்மணி நேரம் இருக்கும்போது, 'உடம்பைச் சூடாக்குகிறேன்' என்று குழியே இல்லாத இடத்தில் நீளம் தாண்டி, கணுக்காலைப் பிசகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் காஞ்சனா அம்மையார். தளவாய்புரத்துக்காரர். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான், அந்த இரண்டு பேரும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள். அவர் இரண்டாம் அணியை ஒரு பார்வை பார்த்தார். விரலை நீட்டினார். "அந்தக் கண்ணாடிக்காரர் இந்த அணிக்கு வரட்டும். அவரோட தேர்வையும் இந்த அணியோடயே முடிச்சிருவோம்."

கண்ணாடிக்காரன் யார்? நான்தான்!

பீர் முகமது சார் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். என்னவென்று சொல்வார்? 'அம்மா, அவரு வேண்டாம். அவரப் பார்த்தா அந்தப் பொண்ணுக்கு மரியாதை வந்துரும்' என்றா சொல்வார்? நான் போய் வேலுசாமி நின்ற இடத்தில் நின்றேன்.

எண் மூன்று வெளியே வந்தார். அணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் உதடு துடித்ததை நான் பார்த்தேன். ஓராண்டு, பதிவு, சான்றிதழ், அடுப்படிப் பரண், எல்லாம் அந்த உதட்டில் நின்றது. நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்: 'ங்க'ன்னே சொல்லிரு கோதை. நான் காத்திருக்கேன். நான் ஒருத்தனாவது சரியாத் திரும்புறேன்.

"வலப்பக்கம்..."

இழுத்தார். மைதானம் மூச்சைப் பிடித்தது.

"திரும்பு!"

அருவாள் வெட்டு! பதினோரு பேர் திரும்பிவிட்டார்கள். பதினோரு கால்கள் ஒரே சத்தம். நான்? நான் அப்படியே நின்றேன். எதற்கு நின்றேன்? 'ங்க'வுக்கு நின்றேன்! வரும், வரும் என்று காத்து நிற்கிறேன், வரவில்லை. பன்னிரண்டு பேர் அணியில் பதினோரு தோள்களும் ஒரே ஒரு முகமும். அந்த முகம் என் முகம்.

அதுவரைக்கும் குறை அவர் நாக்கில் இருக்கிறது என்றுதானே அத்தனை பேரும் நினைத்தோம்? சார் நினைத்தார், வகுப்பு நினைத்தது, அவரும் நினைத்தார். குறை என் காதில் இருந்தது, அன்பர்களே! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நேராகத்தான் இருந்தது.

தேர்வாளர் பென்சிலை உயர்த்தினார். அணியில் பிழை நடந்தால் கட்டளையிடுகிறவர் உடனே திருத்த வேண்டும், திருத்தாவிட்டால் மதிப்பெண் போய்விடும். தலைவர் ஒரு நொடியும் தயங்கவில்லை. என் கண்ணைப் பார்த்தார். "எண் பதினேழு! வலப்பக்கம்... திரும்பு!"

திரும்பினேன். என் வாழ்நாளில் அவ்வளவு விரைவாக எதற்கும் நான் திரும்பியதில்லை. திரும்பி நின்றபோது என் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது. வெட்கமா? கொஞ்சம். பெருமை அதைவிடக் கூடுதல். "நல்ல குரல்" என்று காஞ்சனா அம்மையார் எழுதிக்கொண்டே, "பதினேழு யாரும்மா, காது கேக்காதவரா?" என்று கேட்டார். தலைவர் அவர்கள், "அவிய... எங்க வீட்ல உள்ளவிய" என்றார். அந்த அம்மையார் சிரித்தார். மூன்றாவதாகப் பார்த்தவன் நான், உறுதியாகவே சொல்கிறேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இன்றைக்கு மேடையில் தலைவர் நாற்காலியில் நான் இருந்திருப்பேன். அடுத்து என் முறை வந்தது.

கட்டளைக்கு முன்னால் போட்ட கரணத்திலேயே நான் பாதி மதிப்பெண்ணைத் தொலைத்துவிட்டேன். முன்னோக்கிப் போட வேண்டிய கரணம் பக்கவாட்டில் போய்த் தேர்வாளரின் மேசைக் காலில் முடிந்தது. மிச்சத்தைக் கட்டளையில்தான் எடுக்க வேண்டும். கட்டளையில் எனக்கு என்ன பயம்? அணியில் மனைவி நிற்கிறார். நிற்கட்டுமே! வீட்டில் நான் காலை எழுந்தது முதல் வாய் ஓயாமல் செய்வது என்ன? 'எடு. வை. வா. போ. கொண்டா. அத இங்க வை, இத அங்க வை.' ஒரு நாளைக்கு முப்பது செயற்சொல்! எல்லாம் அருவாள் வெட்டு! எனக்கு ஒரு தடையும் இருந்ததில்லையே!

எதிரே போய் நின்றேன். "வலப்பக்கம்..." என்று இழுத்தேன். வரிசையில் மூன்றாவதாக அவர் நின்றார். நெற்றி வியர்வையைத் துடைக்காமல், நேராக, என் கட்டளைக்காக. ஒரு மாத்திரைக்கு முன்னால் இந்த மைதானத்தையே வெட்டித் திருப்பிய குரலுக்குச் சொந்தக்காரர். என் நாக்கு என்னை மீறிப் புரண்டது.

"திரும்பு...ங்க."

ஆறு பேர் திரும்பினார்கள், ஐந்து பேர் பிறகு திரும்பினார்கள், அவர்களில் இருவர் இடித்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் திரும்பவே இல்லை. எண் மூன்று. அவர் அப்படியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி மூன்று ஆண்டுகளில் நான் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் 'ங்க' அது.

"அந்தப் பொண்ணு ஏன் திரும்பல?" என்று தேர்வாளர் கேட்டார். என்னால் திருத்த முடியவில்லை. மதிப்பெண் போய்விட்டது. வெளியே வந்ததும் பீர் முகமது சார் என் தோளைப் பிடித்து, "ஏலே, வேணும்னா செஞ்ச?" என்றார். "இல்ல சார். அத்தன பேரையும் திருப்பச் சொன்னீங்க, என் நாக்கும் திரும்பிருச்சு" என்றேன்.

முடிவு வந்தது. எண் மூன்று, முதல் வகுப்பு. எண் பதினேழு, உடற்கல்வியில் தவறினார். ஒன்றரை மாத்திரைக்கு ஓராண்டு!

வீட்டுக்குப் போனோம். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. சட்டம் நினைவிருக்கிறதல்லவா? ஒருவர் தவறினால் 'அவள்' வீட்டோடு. என் தாயார் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "தவறினது யாரு?" என்றார்கள்.

"நான்தான்மா" என்றேன். அம்மா வாயைத் திறக்கும் முன்னால் நானே சொன்னேன்: "தவறினவன்தான் வீட்டோட இருக்கணும். கோதை வேலைக்குப் போகட்டும். உலை எத்தன மணிக்கு வைக்கணும், அத மட்டும் சொல்லு."

அம்மா என்ன சொல்வார்கள் என்று இருவரும் காத்து நின்றோம். அம்மா கொடியிலிருந்து என் சட்டையை உருவி மடித்துக்கொண்டே சொன்னார்கள்: "எனக்கு அப்பவே தெரியும்லே, அவ தேறிருவான்னு. நீ கெடங்குக்குப் போன பொறவு தெனமும் இந்தச் சட்டைய எதுக்க நிக்க வச்சுக்கிட்டுத் 'திரும்பு, திரும்பு'ன்னு கத்துவா. நான் அடுப்படியில இருந்து பார்த்துக்கிட்டுதான இருப்பேன்."

அப்படித்தான் பழகியிருக்கிறார், அன்பர்களே! நான் இல்லாத நேரத்தில், கொடியில் தொங்கிய என் சட்டைக்குக் கட்டளையிட்டு! "சட்டை திரும்பிச்சா அம்மா?" என்று கேட்டேன். "அது எங்க திரும்பும்? நான்தான் போயித் திருப்பிப் போட்டேன்" என்றார்கள். அவள் ஊக்கம் குறையக் கூடாது என்றா செய்தீர்கள் என்று கேட்டால் இன்றைக்கு வரைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அதோ, இப்போதும் தலையை ஆட்டுகிறார்கள்... "ஒரு பக்கம் காஞ்சிருந்துச்சு, அதான் திருப்பினேன்"ஆம். சரி அம்மா. எதற்காகவோ, திருப்பினீர்கள். சட்டத்தையும் அன்றைக்கே திருப்பிப் போட்டீர்கள். அதற்கு இந்த மேடையில் உங்களை வணங்குகிறேன்.

அவர் மடவார் வளாகத்தில் ஒரு சின்னப் பள்ளியில் உடனே வேலைக்குச் சேர்ந்தார். நான் ஓராண்டு உலை வைத்தேன், குழம்பு கரிய விட்டேன், கொல்லையில் கரணம் பழகினேன். மறு ஆண்டு தேறினேன். அதனால் பதிவில் அவர் எனக்கு மூத்தவர், பணியில் மூத்தவர், இந்த மேடையிலும் மூத்தவர்.

நாளைக் காலை மைதானத்தில் நிற்கப் போகும் செல்வங்களே! இத்தனையும் உங்களைச் சிரிக்க வைக்க மட்டுமா சொன்னேன்? ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு முன்னால் நின்று கட்டளையிடப் போகிறீர்கள். சொல் ஒன்றாக இருந்தால்தான் கால் ஒன்றாக இருக்கும். ஆகவே வெட்டுங்கள், அஞ்சாமல் வெட்டுங்கள். பயிற்சி முடிந்ததும், வியர்த்து வருகிற அந்தப் பிஞ்சைப் பார்த்து "வாங்க, தண்ணி குடிங்க" என்று சொல்லுங்கள். அதில் உங்களுக்குக் குறைந்துபோவது என்ன?

மரியாதையை மைதானத்துக்கு வெளியே செருப்போடு கழற்றிப் போடச் சொல்லவில்லை. 'ங்க' கொடுத்தால் எல்லோருக்கும் கொடுங்கள். எடுத்தால் எல்லோரிடமும் எடுங்கள். ஒருவனுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அவன் காது கெட்டுப்போகும்! ஊரே திரும்பும்போது அவன் ஒருவன் மட்டும் எதற்கோ காத்துக்கொண்டு நிற்பான்! நான் நின்றேனே! பெண்ணுக்குக் கட்டளையிடத் தெரியவில்லை என்று ஊர் சொல்லும்போது, ஆணுக்குக் கேட்கத் தெரிகிறதா என்று யாராவது கேட்டோமா? கேளுங்கள்! உங்கள் பள்ளியில் சிறுமிகளை அணியின் முன்னால் நிறுத்துங்கள். சோழபுரத்துப் பக்கம் என் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு நூர்னிசாதான் காலை அணிக்குத் தலைவி. அவள் "நேராக... நில்!" என்றால் பையன்கள் நிற்கிறார்கள், காக்கைகூட ஓட்டின்மேல் நிற்கிறது, கையில் பிரம்பில்லாமல் ஓரமாக நிற்கிற நானும் குதிகாலைச் சேர்த்து நிற்கிறேன். அவள் நாளைக்கு எந்த ஊரில் எந்தக் கொல்லையில் நின்றாலும், எவனுடைய சட்டைக்கு முன்னாலும் அழுதுகொண்டு பழக வேண்டியதில்லை!

மணி அடித்துவிட்டார்கள். முதல் மணி. தலைவர் அவர்களே, இன்னும் இரண்டே வாக்கியம். பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், முறுக்கைச் சத்தமில்லாமல் கடித்த தாய்மார்களுக்கும், என் நாக்கையும் காதையும் ஒரே காலையில் சோதித்த ஆசானுக்கும் என் நெஞ்சின் ஆழத்திலிருந்து நன்றி. நாளைக்கு ஓடப் போகிறவர்களுக்கு என் வாழ்த்து, வேலுசாமியைப்போல் இன்றைக்கே தாண்டிவிடாதீர்கள்.

இரண்டாவது மணி... இதோ, தலைவர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுக்கிறார். ஏதோ சொல்லப் போகிறார். சற்று அமைதி. "எண் பதினேழு! இருக்கைக்கு... திரும்பு!"

கேட்டீர்களா அன்பர்களே? 'ங்க' இல்லை. நானும் காத்து நிற்கப் போவதில்லை. வணக்கம்!